கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்பார்கள்

ஒரு பக்கத்தில் எத்தனை தேடல் முடிவுகள் இருந்தால் நல்லது? கூகுள் நிறுவனம் தன் பயனர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டது. ‘பத்து போதாது, இன்னும் வேண்டும்’ என்றார்கள். சரியென்று ஒரு பகுதிப் பயனர்களுக்கு மட்டும் முப்பது முடிவுகளைக் காட்டிப் பார்த்தது. அவர்கள் தேடுவது ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்துபோனது. காரணத்தை ஆராய்ந்தபோது கிடைத்தது ஒரு சின்னத் தாமதம். பத்து முடிவுகள் உள்ள பக்கம் 0.4 விநாடியில் வந்தது. முப்பது முடிவுகள் உள்ள பக்கம் வருவதற்கு 0.9 விநாடி ஆனது. அப்போது கூகுளில் தேடல் பிரிவைக் கவனித்துவந்த மரிஸா மேயர் 2006இல் ஒரு மாநாட்டு மேடையில் இதைச் சொன்னார். மக்கள் கேட்டதைத்தான் நிறுவனம் கொடுத்தது. ஆனால், அதற்காக அரை விநாடி கூடுதலாகக் காத்திருக்க அவர்கள் தயாராக இல்லை.

தேடுபொறியின் முகப்பை வடிவமைப்பவர்கள் முதலில் கற்கும் பாடம் இது. ஒருவர் தனக்கு வேண்டும் என்று சொல்வது வேறு, கையில் கொடுத்தபின் செய்வது வேறு. புதிய முகப்பு ஒன்றைச் சோதிக்கும்போது மக்களின் எதிர்வினையை எப்படி அளப்பது என்பது தனி அறிவியலாகவே வளர்ந்திருக்கிறது. அந்த அறிவியலைப் பொருத்திப் பார்க்க காசிமேட்டைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் இல்லை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடுகிறது. விசைப்படகிலிருந்து கூடைகள் இறங்குகின்றன. ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே ஏறக்குறைய எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கிறது. எல்லோருக்கும் தேட வேண்டிய விஷயமும் இருக்கிறது. நாளைக்குக் காற்று எப்படி, அலை எத்தனை மீட்டர், வஞ்சிரம் எங்கே என்ன விலைக்குப் போகிறது, தடைக்கால நிவாரணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றுக்குக் கிடைக்கும் பதிலை நம்பித்தான் டீசல் நிரப்புவதா, படகைக் கட்டிவைப்பதா என்று முடிவாகிறது. பொழுதுபோக்குக்காகத் தேடுபவருக்குத் தவறான பதிலால் சில நிமிடங்கள் வீணாகும். கடலுக்குப் போகிறவருக்கு அதனால் உயிரே போகலாம்.

மரியாதை மறைக்கும் உண்மை

ஒரு நிறுவனம் புதிய தேடல் செயலி ஒன்றைக் காசிமேட்டுக்குக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டையில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞர் வந்து, “அண்ணே, இது நாங்க செஞ்சது. எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்று நீட்டுகிறார். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவர் இரண்டு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு, “சூப்பரா கீது தம்பி” என்பார். அறிக்கையில் ‘பயனர்களுக்குப் பிடித்திருந்தது’ என்று ஏறிவிடும்.

இந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பு? 2012இல் வெளியான பெங்களூர் ஆய்வு ஒன்றில் நிக்கோலா டெல், இந்திராணி மேதி, வில்லியம் தீஸ் உள்ளிட்ட குழுவினர் இதை அளந்தே பார்த்தார்கள். 450 பேரிடம் நேர்காணல் நடந்தது. கல்லூரி மாணவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் அதில் இருந்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு தொழில்நுட்பப் படைப்புகளைக் காட்டி, அதில் ஒன்று மட்டும் கேள்வி கேட்பவர் உருவாக்கியது என்று தெரியும்படி செய்தார்கள். எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோது, கேள்வி கேட்பவருடையது எனக் கருதப்பட்டதை விரும்பும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு கூடியது. கேட்டவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவராக இருந்தால் அது ஐந்து மடங்கானது. அவருடையதை வேண்டுமென்றே தரம் குறைத்து, பார்த்தாலே மட்டம் என்று தெரியும்படி கொடுத்தபோதும் அதையே நல்லது என்றார்கள்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் ‘சாப்பாடு எப்படி?’ என்று கேட்டால் உப்பில்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. படித்தவர், வசதியானவர், தூரத்திலிருந்து வந்தவர் என்று கேட்பவரின் படிநிலை உயர உயர, பதிலில் மரியாதை கூடும், தகவல் குறையும். ஏழை மக்களுக்கென்று வடிவமைக்கப்படும் செயலிகள் கருத்துக்கணிப்பில் பெயர் வாங்கிவிட்டு, பிறகு யார் செல்பேசியிலும் இல்லாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியென்றால் வாயைக் கேட்காமல் விரலைப் பார்க்கலாமா?

சொடுக்குகளும் பொய் சொல்லும்

பெரிய தேடுபொறிகள் அதைத்தான் செய்கின்றன. பயனர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய முகப்பையும் மறு பாதிக்குப் புதியதையும் காட்டுவார்கள். எங்கே அழுத்துகிறார்கள், எத்தனை முறை தேடுகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதெல்லாம் பதிவாகும். இரு அணிகளுக்கும் இடையே முகப்பைத் தவிர வேறு வித்தியாசம் இல்லாததால், எண்ணில் தெரியும் மாற்றத்துக்கு முகப்பே காரணம் என்று சொல்ல முடியும். மருந்துச் சோதனையின் அதே தர்க்கம்தான் இது.

ஆனால், எந்த எண்ணைப் பார்ப்பது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் நடந்ததை ரோனி கோஹாவி குழுவினர் 2012இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார்கள். ஒரு சோதனையில் நிரல் பிழையால் மிக மோசமான தேடல் முடிவுகள் காட்டப்பட்டுவிட்டன. கணக்குப் பார்த்தபோது ஒரு பயனர் செய்யும் தேடல்கள் 10 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தன. வருமானம் 30 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. முதல் தேடலில் பதில் கிடைக்காததால் மக்கள் திரும்பத் திரும்பத் தேடினார்கள். முடிவுகள் உதவாததால் விளம்பரங்களை அழுத்தினார்கள். எண்ணை மட்டும் நம்பியிருந்தால் தேடுபொறியைக் கெடுப்பதே முன்னேற்றம் என்று தீர்ப்பாகியிருக்கும். அதனால்தான், ஒருவர் எத்தனை முறை தேடினார் என்பதைவிட, வேலை முடிந்த திருப்தியில் பிறகொரு நாள் மீண்டும் வந்தாரா என்பதே சரியான அளவுகோல் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

எதையுமே அழுத்தாமல் போவதற்கும் இரண்டு அர்த்தம் உண்டு. சலித்துப்போய் விட்டுவிட்டிருக்கலாம். தேடியது பக்கத்தின் உச்சியிலேயே கிடைத்துவிட்டதால் செல்பேசியைப் பைக்குள் போட்டிருக்கலாம். ‘சென்னை காற்று வேகம்’ என்று தேடியவர் எண்ணைப் பார்த்ததும் போய்விடுவார். கணினிப் பதிவில் இருவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்குத்தான் வித்தியாசம் புரியும்.

இடம் மாறினால் முகப்பும் மாறும்

குளிரூட்டிய அறையில் நன்றாக வேலை செய்யும் முகப்பு, துறைமுகத்தில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இயற்பியல் காரணங்களே இருக்கின்றன. தொடுதிரை நம் விரலை அறிவது மின்னூட்ட மாற்றத்தைக் கொண்டு. உப்புநீர் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். திரையில் தெறித்த கடல்நீர்த் துளியைச் செல்பேசி ஒரு விரலென்றே நினைத்துக்கொள்ளும். ஈரக்கையால் ஒரு பொத்தானை அழுத்தினால் வேறொன்று திறக்கும். உச்சி வெயிலில் வெளிர்சாம்பல் எழுத்து கண்ணுக்கே தெரியாது. எனவே இங்கே பெரிய பொத்தானும் அழுத்தமான நிறமும் அழகுக்கான தேர்வுகள் அல்ல, அடிப்படைத் தேவைகள்.

கைக்குப் பதில் குரலைப் பயன்படுத்தலாம். 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளைக் குரல்வழித் தேடலில் சேர்த்தது. எழுதப் படிக்கத் தயங்குபவர்களுக்கு இது பெரிய கதவு. ஆனால், எஞ்சின் சத்தத்துக்கும் ஏலக்குரலுக்கும் நடுவே பேசும்போது நாம் குரலை உயர்த்துவதோடு நிற்பதில்லை. உயிரெழுத்துகளை நீட்டுகிறோம், குரலின் சுருதியே மாறுகிறது. பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார் 1911இல் கவனித்துச் சொன்ன விளைவு இது. அமைதியான அறையில் பதிவுசெய்த பேச்சைக் கொண்டு பழகிய மென்பொருளுக்கு இந்தக் குரல் புதிது. அதோடு ‘காத்து எப்டி கீது’ என்ற வடசென்னைப் பேச்சும் அந்தப் பழக்கப் பதிவுகளில் போதுமான அளவு இருந்தாக வேண்டும். மென்பொருள் இரண்டு முறை தவறாகக் கேட்டால், மூன்றாவது முறை யாரும் அதனிடம் பேச மாட்டார்கள்.

வட்டாரப் பேச்சை மென்பொருளுக்குக் கற்பிப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்னோடி உண்டு. 2004, 2005ஆம் ஆண்டுகளில் பெர்க்லியைச் சேர்ந்த மடலின் ப்ளாஷே குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் குரல்வழித் தகவல் அமைப்பு ஒன்றைச் சோதித்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உதவியது. ஊர்மக்கள் அந்த அமைப்போடு பேசும்போதே அவர்களின் பேச்சு பதிவாகி, அந்த ஊரின் உச்சரிப்பைக் கணினி கற்பதற்கான பாடமாகச் சேர்ந்தது. அங்கே பயனரின் எதிர்வினை கருத்துப் படிவத்தில் வரவில்லை. அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் அமைப்பைத் திருத்திக்கொண்டே போனது. சிறிய முயற்சிதான் என்றாலும் சரியான திசை அது.

படங்களிலும் இதே பாடம் உண்டு. இந்திராணி மேதி 2006இல் பெங்களூரில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்காக எழுத்தில்லாத வேலைத்தேடல் முகப்பு ஒன்றை வடிவமைத்தார். நிழற்படத்தைவிடவும் வெறும் குறியீட்டைவிடவும் எளிய கோட்டுச் சித்திரமே நன்றாகப் புரிந்தது. பாத்திரத்தையும் குழாயையும் வரைந்தால் அது சமையலறை என்று நினைத்தார்கள். குழாயிலிருந்து தண்ணீர் ஓடுவதைக் காட்டினால்தான் பாத்திரம் தேய்க்கும் வேலை என்று தெரிந்தது. எழுத்துப் படிக்காதவர்களும் எண்களைப் படித்தார்கள். இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்து யூகித்திருக்க முடியாது. பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொண்டதால் கிடைத்த அறிவு அது.

மீன் எங்கே என்று தேடுவது

கடலோரத்தில் ஏற்கெனவே இயங்கும் ஒரு தேடல் சேவையை எடுத்துக்கொள்வோம். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிக்கிறது. செயற்கைக்கோள் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: கடல்பரப்பின் வெப்பநிலை, நீரின் நிறத்தில் தெரியும் பச்சையத்தின் அளவு. பச்சையம் இருந்தால் நுண்பாசி உண்டு. நுண்பாசி இருக்கும் இடத்துக்கு அதைத் தின்னும் உயிர்களும், அவற்றைத் தின்னும் மீன்களும் வரும். வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் எல்லையில் மீன் கூடும். இந்த அறிவியல் உறுதியானது.

அது கரைக்கு வந்து சேரும் வடிவத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மீன் இறங்குதளத்துக்கும் திசை, பாகை, கிலோமீட்டரில் தூரம், மீட்டரில் ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை என்று ஒரு வரி எண்கள். கடலில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வது மீனவர் வழக்கம். இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், சுமார் ஆறடி. 40 மீட்டர் என்று வந்தால் அவர் அதை ஏறத்தாழ 22 பாகம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். 37 கிலோமீட்டர் என்றால் 20 நாட்டிக்கல் மைல் என்று இன்னொரு கணக்கு. நீரோட்டத்தை வன்னி, தெண்டி என்று பெயர் சொல்லிப் பிரித்துவைத்திருக்கும் நுட்பமான அறிவுக்கு அந்த வரியில் இடமே இல்லை. பாகத்தையும் மைலையும் சேர்த்துக் காட்ட மென்பொருளுக்கு ஒரு பெருக்கல் போதும். அதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு படகிலும் ஒவ்வொரு மனிதரும் தலைக்குள் செய்ய வேண்டும்.

இன்னொரு நுட்பமான சிக்கல், வெற்றுப் பக்கம். மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. அன்று தகவல் இருக்காது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்திலும் இருக்காது. செல்பேசி சிக்னல் இல்லாவிட்டாலும் எதுவும் வராது. மீன் இல்லை, தகவல் இல்லை, சிக்னல் இல்லை என்ற மூன்றும் வேறுவேறு பதில்கள். மூன்றுக்கும் ஒரே வெள்ளைத் திரையைக் காட்டும் செயலியை மீனவர் ‘ரிப்பேர்’ என்று முடிவுகட்டி நீக்கிவிடுவார். அந்த நீக்கமும் ஓர் எதிர்வினைதான்.

மீனவர்களின் தேவையைக் கேட்டு வளர்ந்த முயற்சிகளும் இருக்கின்றன. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், குவால்காம் நிறுவனத்தோடும் இன்காய்ஸோடும் சேர்ந்து உருவாக்கிய ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலியில் மீன் இருக்கும் பகுதியோடு அலை, காற்று, சந்தை விலை, ஆபத்துப் பகுதி, சர்வதேசக் கடல் எல்லை நெருங்கும்போது எச்சரிக்கை என்று பலவும் சேர்ந்தன. ஆனால், 2017 ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. செல்பேசிக் கோபுரத்தின் வீச்சு கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அதன் பிறகு 2019 அக்டோபரில் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்கு அனுப்பும் ‘ஜெமினி’ கருவி அறிமுகமானது. அது ஒருவழிப் பாதை. கடலிலிருந்து திரும்பப் பேச முடியாது. இஸ்ரோவின் ‘நப்மித்ரா’ கருவி இருவழியாக வந்தது அந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் வீராம்பட்டினத்தில் இருந்த முகப்பு இவை எல்லாவற்றையும்விட எளிமையானது. சுவாமிநாதன் நிறுவனத்தின் தகவல் மையத்தில் தன்னார்வலர்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். தேடியவர் ஒருவர், பதிலைக் கேட்டது ஊர் முழுக்க. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை அங்கிருந்த அதே மாதிரி ஒலிபெருக்கி ஊருக்குச் சொன்னது. மக்கள் உயிர் பிழைத்தார்கள். தேடல் முகப்பு என்றால் கண்ணாடித் திரை மட்டுமே என்ற எண்ணத்தை நாம் விட வேண்டும்.

இனி வரும் முகப்பு

இப்போது தேடுபொறிகளின் முகப்பு மீண்டும் மாறுகிறது. இணைப்புகளின் பட்டியலுக்குப் பதிலாக, செயற்கை நுண்ணறிவு எழுதிய ஒரு பத்தி பதிலாக வருகிறது. 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள் இதைப் பரவலாக்கியபோது, பீட்சாவில் பாலாடைக்கட்டி ஒட்டுவதற்குப் பசை சேர்க்கச் சொன்ன பதில் உலகம் முழுக்கப் பரவியது. மக்களின் எதிர்வினைக்குப் பிறகு அந்நிறுவனம் சில வகைக் கேள்விகளுக்கு அத்தகைய பதிலைக் கட்டுப்படுத்தியது. 2025இல் உரையாடல் வடிவத் தேடல் தமிழுக்கும் வந்துவிட்டது.

காசிமேட்டுக்கு இதன் பொருள் என்ன? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் படர்ந்தது. இரண்டு முறையும் சென்னை மக்கள் மனத்தில் எழுந்த கேள்வி ஒன்றே: இந்த மீனைச் சாப்பிடலாமா? பழைய முகப்பில் செய்தியின் தேதியும் நாளிதழின் பெயரும் தெரிந்தன. ஒரே பத்தியாகக் குழைத்துத் தரும் பதிலில் 2017இன் செய்தியும் 2023இன் செய்தியும் கலந்துவிட்டால், மீன் விற்கும் பெண்ணின் கூடை பல நாள் காலியாகாமல் கிடக்கும். அலை உயரத்தைக் கேட்டவருக்கு நேற்றைய எண் இன்றைய எண்போல வந்தால் விளைவு இன்னும் கொடிது. பதில் எங்கிருந்து வந்தது, எந்த நேரத்தது என்ற இரண்டையும் எழுத்திலும் குரலிலும் முதலிலேயே சொல்லும் முகப்பைத்தான் கடலோரத்தில் அனுமதிக்க வேண்டும்.

வடிவமைப்பாளர்களிடம் கேட்க வேண்டியது இதுதான். புதிய முகப்பைக் காசிமேட்டுக்குக் கொண்டுவாருங்கள். உங்களுடையது என்று சொல்லாதீர்கள். ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். நாளைய காற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள்: எங்கே விரல் நிற்கிறது, எப்போது பக்கத்திலிருப்பவரிடம் கொடுக்கிறார், கிடைத்த பதில் சரியா, ஒரு மாதம் கழித்தும் அந்தச் செயலி செல்பேசியில் இருக்கிறதா. பார்க்கச் சம்மதித்தவர் தன் வேலை நேரத்தை உங்களுக்குக் கொடுக்கிறார். அதற்குரிய கூலியைக் கொடுங்கள். ஏலம் கூறுபவர், கூடை சுமக்கும் பெண்கள், படகோட்டும் டிரைவர், ஐஸ் வியாபாரி எல்லோரையும் சேருங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் தேடல் பக்கம் திடீரென்று மாறினால், ‘நல்லா இல்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். என்ன தேடினீர்கள், எதை அழுத்தினீர்கள், வேலை முடிந்ததா என்ற மூன்றையும் தமிழிலேயே எழுதுங்கள். அப்படிப்பட்ட புகாரைத்தான் ஒரு பொறியாளரால் திருத்தமாக மாற்ற முடியும். ஈரக்கையோடும் எஞ்சின் சத்தத்தோடும் வடசென்னைத் தமிழோடும் காசிமேட்டில் தேறாத ஒரு முகப்பு, தமிழர்களுக்கான முகப்பு என்ற பெயருக்கு இன்னும் தகுதி பெறவில்லை.